இரண்டு மாத்திரை கரைத்த கடுங்காப்பி

காலை நாலரை மணி. கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில், செல்லத்தாய் என்பவரின் வீட்டுப் பின்புற அடுப்படி வாசலில், பரீட்சை அட்டையும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளில் இரண்டு மாத்திரைகளை வைத்து, எவர்சில்வர் டம்ளரின் அடியால் நசுக்கிக்கொண்டிருந்தார். பொடியைத் தாளோடு மடித்து, கருப்பட்டி போட்ட கடுங்காப்பிக்குள் தட்டினார். கரண்டியால் கலக்கினார். தாளை விரலால் சுண்டி, ஒட்டியிருந்ததையும் உள்ளே விழச் செய்தார். எனக்குத் தெரிந்த மருந்தாளுநர்கள் யாரும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

மாத்திரையை முழுதாக விழுங்க முடியாதவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. 'விழுங்குவதில் சிரமம்: ஆம் / இல்லை.' ஆம் என்பதை வட்டமிடப் போனேன்.

அப்போதுதான் அவர் முழங்கால் அருகே இன்னொரு டம்ளர் இருப்பதைப் பார்த்தேன். அதில் பால்காப்பி, பாதி குடித்தது. அவருடைய காப்பி அதுதான்.

வட்டமிடப் போன பேனா அப்படியே நின்றது.

எண்ணுவதற்கென்றே ஒரு ஆள்

நான் அங்கே எப்படிப் போய் நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

சுகாதாரத் துறையில் வட்டாரப் புள்ளியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் போட்ட ஊசியை, பிறர் பெற்ற பிள்ளையை, பிறருடைய சாவை எண்ணி, மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் மேலே அனுப்புவது என் உத்தியோகம். எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல், எந்த நகலில் யார் கையெழுத்து என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

போன வாரம் இந்தப் பக்கத்தில் மருந்து இருப்புப் பதிவேட்டைப் பற்றி நான்கு பத்தி எழுதியதற்கு, பெரியகுளத்து வாசகர் ஒருவர் 'இதற்கெல்லாமா ஒரு பத்திரிகை?' என்று கார்டு போட்டிருக்கிறார். அவர் இந்த வாரத்தையும் தாண்டிப் போய்விடலாம். இந்த வாரம் படிவம்.

ஓய்வு பெற்றபின் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சமையலறை டப்பாக்களுக்கு வரிசை எண் ஒட்டினேன். மூன்றாம் நாள் என் மனைவி, "இந்த மனுசனுக்கு யாராவது ஒரு வேலை குடுங்களேன்" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அந்த யாரோ, இன்னொரு யாரோவிடம் சொல்ல, டாக்டர் நிவேதா என்னைத் தேடி தேனிக்கு வந்தார்.

நிவேதா மருத்துவ மேற்படிப்பு மாணவி. தீசிஸ் எழுத வேண்டும். அதற்கு ஓர் ஆராய்ச்சிக் கேள்வி வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி, மடித்து, பையில் பத்திரமாக வைத்திருந்தார்.

'ஏலத்தோட்டத்துக்கு மலையேறி வேலைக்குப் போகும் பெண்களில், ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு அழுத்தம் கட்டுக்குள் வருகிறதா?'

"ஒழுங்கா சாப்பிடுறாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கேட்போம் சார்."

"கேட்டா எல்லாரும் சாப்பிடுறேன்னுதான் சொல்வாங்க. தினம் ஒரு மணி நேரம் நடக்கிறேன்னு நான்கூட என் டாக்டர்கிட்ட சொல்லிட்டிருக்கேன்."

"நடக்கிறதில்லையா?"

"அந்தக் கேள்விக்கு இப்ப என்ன?"

கடைசியில் மாத்திரையை எண்ணுவது என்று முடிவாயிற்று. தோட்டத்துக்கு ஞாயிறு விடுமுறை. நான்கு வாரத்துக்கு ஒரு ஞாயிறு பெண்களை வரச் சொல்லி, முப்பத்தைந்து மாத்திரை கொடுப்பது. இருபத்தெட்டு நாள் கழித்து வரும்போது ஏழு மிச்சம் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் சாப்பிடவில்லை. குறைந்தால் தொலைத்துவிட்டார் அல்லது அதிகம் சாப்பிட்டுவிட்டார். கேட்கவே வேண்டாம். எண் பொய் சொல்லாது.

இந்த யோசனை என்னுடையது. படிவமும் என்னுடையது. ஒப்புதல் படிவத்தின் ஆறாவது பத்தியும் என்னுடையது: 'தாங்கள் தெரிவிக்கும் எந்தத் தகவலும் தங்கள் அனுமதியின்றி எவரிடமும் பகிரப்படமாட்டாது.' ஒவ்வொரு பெண்ணுக்கும் அதை வாய்விட்டுப் படித்துக் காட்டியவனும் நான்தான்.

டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பொட்டலம்

எண் பொய் சொல்லாது என்று சொன்னேன். அது என்னிடம் முன்பே ஒரு முறை பொய் சொல்லியிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. தேவதானப்பட்டிப் பக்கம் சில ஊர்களில் வயிற்றுப்போக்கு. குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்க உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வீடு வீடாகக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்து அது போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். படிவத்தில் ஒரே கேள்வி: 'வீட்டில் பொட்டலம் இருக்கிறதா?'

இருந்தது. எல்லா வீட்டிலும் இருந்தது. நான் கேட்டதும் எடுத்து வந்து காட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டிக் போட்டேன். அதிகாரி என் தோளில் தட்டினார். அந்த வட்டாரம் மாவட்டத்துக்கே முன்மாதிரி என்று கூட்டத்தில் சொன்னார்கள்.

அதில் ஒரு வீட்டில், அந்தப் பெண் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பட்டுச்சேலைக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். கசங்கவே இல்லை. "பத்திரமா வச்சிருக்கேன் சார்" என்றார். அந்த வீட்டில் பத்து நாள் முன்பு ஒரு குழந்தை இறந்திருந்தது. பக்கத்து வீட்டில் டிக் போடும்போதுதான் அது எனக்குத் தெரிந்தது. கரைத்துக் கொடுக்கச் சொல்லி யாரும் அவருக்கு விளக்கவில்லை. கவர்ன்மென்ட் கொடுத்தது, கேட்டால் காட்ட வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தார்.

அந்த வீட்டுக்குப் போட்ட டிக்கை நான் அடித்து நீக்கவில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்.

பதினேழாம் எண்

நிவேதாவின் ஆராய்ச்சியில் பெயர் கிடையாது, எண்தான். செல்லத்தாய் பதினேழு.

முதல் எண்ணிக்கையில் அவரிடம் மிச்சம் ஏழு. இரண்டாவதில் ஏழு. மூன்றாவதிலும் ஏழு. மற்றவர்கள் பன்னிரண்டும் நான்குமாகக் கொண்டுவந்து, தலையைச் சொறிந்து, "எலி இழுத்துட்டுப் போயிருச்சு சார்" என்றெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் கவரைக் கொட்டி, "எண்ணிக்கங்க" என்று நிமிர்ந்து நிற்பார். எனக்கு அவரைப் பார்த்தாலே ஒரு நிறைவு.

ஆனால் அவருடைய ரத்த அழுத்தம் குறையவில்லை. முதல் மாதத்தைவிட மூன்றாம் மாதம் சற்று ஏறியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா எடுக்கிறாங்க, பிரஷர் கேக்கலை" என்றார் நிவேதா கவலையோடு. "எண்ணிக்கை சரிதானே சார்?"

"சந்தேகமா? மூணு தடவையும் நானே எண்ணினேன்."

படிவத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமை, பழைய மாத்திரையோடு இரண்டாவதாக, சிறுநீரைப் பிரியவைக்கும் ஒரு நீர் மாத்திரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். "ரெண்டையும் காலையில ஒண்ணாப் போடுங்க" என்றார். செல்லத்தாய் தலையை ஆட்டிக்கொண்டு வாங்கிப் போனார்.

எந்தக் கணக்கெடுப்பிலும் சூப்பர் செக் என்று ஒரு முறை உண்டு. சிலரைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுத்து, முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. அன்று மாலையே சீட்டுக் குலுக்கினேன். பதினேழு வந்தது. ஐந்து மணிக்கெல்லாம் ஜீப் கிளம்பிவிடும் என்பதால் கம்பத்தில் அறை எடுத்துத் தங்கி, திங்கள் விடிவதற்குள் போய் நின்றேன்.

சீட்டில் வேறு எண் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில நாள் யோசிக்கிறேன்.

டம்ளர்

"யாரு... சாரா?" செல்லத்தாய் திடுக்கிட்டு எழுந்தார். "ஏன் சார், கோழிகூட இன்னும் எந்திரிக்கல."

"சூப்பர் செக்மா. சொல்லாம வந்து பாக்குறது."

"திருடனப் புடிக்க வர்ற மாதிரியா?"

"அந்தக் காப்பி யாருக்கு?"

அவர் தெருவாசல் பக்கம் பார்த்தார். வெளியே அவர் கணவர் ராசாங்கம், ஜீப்பின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பின் டிரைவர் அவர். வண்டி வேறொருவருடையது.

"அவுகளுக்குத்தான்" என்றார் செல்லத்தாய், குரலைத் தாழ்த்தி.

"மாத்திரை?"

"அதுவும் அவுகளுக்குத்தான் சார்."

அவரே சொன்னார்.

"தை மாசம் மேட்டுல வண்டிய ஓரமா நிப்பாட்டிட்டு மண்டையப் புடிச்சிட்டு உக்காந்துட்டாக. மூக்குல ரத்தம். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா வரமாட்டேன்னுட்டாக. பிபின்னு ஒரு தடவ சீட்டுல எழுதிட்டா ஓனரு சாவிய வாங்கிருவாருல்ல? போன வருசம் அப்படித்தான் ஒருத்தர எறக்கி விட்டாக. நான் என்ன செய்ய? எனக்குன்னு குடுத்தீக. அவுகளுக்குக் குடுத்தேன்."

"தினமுமா?"

"ஒரு நாள் தப்பாம. ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா குடிப்பாகளா?"

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கென்ன சார், லேசா தலையக் கிறுகிறுங்கும். நான் என்ன வண்டியா ஓட்டுறேன்?"

மூன்று மாதமாக நான் எண்ணிய ஏழும் உண்மையான ஏழு. இருபத்தெட்டு மாத்திரையும் ஒழுங்காகத்தான் போயிருக்கின்றன. போன வாய்தான் வேறு. விழுங்கியது யார் என்று என் படிவத்தில் கட்டம் இல்லை.

இப்போது அந்த வேறொரு வாய்க்கு, யாரோ ஒருவரின் அழுத்தத்தைப் பார்த்து எழுதிய இரண்டாவது மாத்திரையும் போகப் போகிறது. அந்த வாயின் சொந்தக்காரருக்கு அழுத்தம் எவ்வளவு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. இன்னும் அரைமணி நேரத்தில் அவர் பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் மேலே போவார். ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை மூன்றாவது வளைவில் தலை சுற்றும்.

"ஏத்தா, காப்பி ஆச்சா? ஆளுக வந்துட்டாக" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அதன் பின்னாலேயே செருப்புச் சத்தமும் வந்தது.

செல்லத்தாய் என் முகத்தையே பார்த்தார். ராசாங்கத்திடம் சொல்லலாம். சொன்னால் ஆறாவது பத்தியை எழுதியவனே மீறியவன் ஆவேன். டம்ளரைத் தட்டிவிடலாம். அதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும்; என்னிடம் கிடையாது. முப்பத்துநான்கு வருட சர்வீசில் இதற்கு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறதா என்று, சத்தியமாக, யோசித்தேன்.

பிறகு டம்ளரை எடுத்து நானே குடித்துவிட்டேன்.

கொதிக்கிற காப்பி. நாக்கு வெந்தது. கண்ணில் நீர் வந்தது. அடியில் தங்கியிருந்த பொடி தொண்டையில் ஒட்டியது.

ராசாங்கம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம். தோளில் கண்ணாடி துடைத்த துணி.

"யாருத்தா இது?"

"ஆஸ்பத்திரி சாரு. கணக்கெடுக்க வந்திருக்காக."

"இந்நேரத்துக்கா? கவர்மென்ட்டு இம்புட்டு வெள்ளன எந்திரிக்க ஆரம்பிச்சிருச்சா?" பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தார். "அது என் காப்பில்ல?"

"மன்னிச்சுக்கங்க. நாக்கு வறண்டு போச்சு."

"கொழப்பமில்ல சார்" என்றார். தினம் கேரளத்துக்குள் போய்வருகிறவர்கள் நாக்கில், 'பரவாயில்லை' என்பதற்கு அந்த மலையாளச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். "அதுக்காகக் கொதிக்கக் கொதிக்கவா ஊத்துறது?"

செல்லத்தாய் வேறு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். ராசாங்கம் ஒரு வாய் குடித்தார். டம்ளருக்குள் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஜீப் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்களோடு செல்லத்தாயும் ஏறினார். வண்டி திரும்பும்போது என்னைப் பார்த்து, வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

உத்தமபாளையம் வரை

கம்பத்தில் தேனி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரு விபத்தைத் தடுத்துவிட்ட பெருமிதம் ஊரைத் தாண்டும்வரை இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. மூன்று மாதமாக அந்த மனிதருக்குத் தினம் ஒரு மாத்திரை போயிருக்கிறது. இன்று அதுவும் போகவில்லை. அதையும் சேர்த்து நான் குடித்துவிட்டேன். மாத்திரை இல்லாத ராசாங்கம் மலையேறிக்கொண்டிருக்கிறார். நான் காப்பாற்றினேனா, கெடுத்தேனா?

எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "எறங்கணுமா?" என்றார். "இல்லை" என்றேன். இரண்டு நிமிடத்தில் "ஆமாம்" என்றேன். நீர் மாத்திரை தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

உத்தமபாளையத்தில் இறங்கி, ஓடி, முடித்து, வெளியே வந்து நிவேதாவுக்குப் போன் போட்டேன்.

"பதினேழுக்கு அந்த ரெண்டாவது மாத்திரைய நிறுத்தணும்."

"ஏன் சார்?"

"மாத்திரை அவங்க வாய்க்குப் போகலை."

"பின்ன யார் வாய்க்குப் போகுது?"

"அதைச் சொல்ல பதினேழோட அனுமதி வேணும். ஆறாவது பத்தி."

"சார்!"

"நான் எழுதினதுதான். தெரியும்."

"சரி, இன்னிக்குக் காலையில யார் வாய்க்குப் போச்சு? அதையாவது சொல்லுங்க."

"என் வாய்க்கு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ரெண்டுமா? உங்க சொந்த மாத்திரைய இன்னிக்குப் போடாதீங்க. தண்ணி குடிங்க. சட்டுன்னு எந்திரிக்காதீங்க. தலை சுத்தும். முக்கியமா வண்டி எதுவும் ஓட்டாதீங்க, மலைப்பக்கம் போகாதீங்க."

அவர் எனக்குத்தான் சொன்னார். மலை என்றதும் எனக்கு ராசாங்கத்தின் ஜீப்தான் ஞாபகம் வந்தது. நான் எதிர்த்திசை பஸ்ஸில் ஏறி மறுபடி கம்பத்துக்குப் போனேன்.

காத்திருந்த பகல்

தோட்டத்துக்குள் போனால் போனில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் ஜீப் இறங்கும்வரை எதுவும் தெரியாது.

பஸ் ஸ்டாண்டுக்கும் கட்டணக் கழிப்பிடத்துக்குமாக நடந்தேன். ஐந்தாவது முறை போனபோது அங்கே உட்கார்ந்திருந்தவர், "சுகர் இருந்தா ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கங்க" என்று இரக்கமாகச் சொன்னார். மலையிலிருந்து இறங்கி வந்த ஒவ்வொரு டிரைவரிடமும், "மேல வழியில ஏதும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டேன். அவர்கள் செக்போஸ்ட் பிரச்சினை என்று நினைத்து, என் பையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

சும்மா உட்கார முடியாததால் எழுத முயன்றேன். ஆராய்ச்சியில் யாருக்காவது மருந்தால் பாதிப்பு என்றால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். எடுத்து நிரப்பத் தொடங்கினேன். 'பாதிக்கப்பட்டவரின் எண்': இல்லை. 'மருந்து பரிந்துரைக்கப்பட்டவரா': இல்லை. 'மருந்து உட்கொள்ளப்பட்ட சூழ்நிலை'. அந்த இடத்தில் பேனாவை மூடினேன்.

நான்கு மணிக்கெல்லாம் அடிவாரத்து ஊருக்கே போய், அவர்கள் வீட்டுக்கு எதிர் டீக்கடையில் நின்றேன். உட்காரச் சொன்னார்கள். நின்றேன்.

இறங்கியவர்கள்

ஆறு மணிவாக்கில் ஜீப் வந்தது. இறங்கியவர்களை எண்ணினேன். பத்து. பத்தாவதாகச் செல்லத்தாய்.

"சொல்லிட்டீகளா?" என்றார் என்னைக் கடக்கும்போது.

"இல்ல. உங்களைக் கேக்காம யாருக்கும் சொல்லமாட்டேன்."

அவர் அடுப்பு பற்றவைக்க உள்ளே போனார். ராசாங்கம் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கவில்லை.

"என்ன சார், காலையிலேர்ந்து இன்னும் கணக்கு முடியலையா? இங்கன வந்து ஏறுங்க."

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எதுக்கு சார் என் மருந்தக் குடிச்சீக?"

என் வாயிலிருந்து வந்தது, "தெரியுமா?"

"மூணு மாசமா நாக்குல படுதே. கருப்பட்டிக்கு அந்தக் கசப்பு ஏது? மொதல்ல வசிய மருந்துன்னு நெனச்சேன். கல்யாணமாகி இருவத்தினாலு வருசம் ஆச்சு, இனிமே என்னத்தப் போய் வசியம் பண்ணப் போறான்னு விட்டுட்டேன். அப்பறம் மண்டையிடி நின்னுச்சு. சரி, நல்ல மருந்துதான்னு குடிச்சிட்டுப் போறேன்."

"அவங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா நான் நோயாளி. சொல்லாட்டி காப்பி குடிக்கிறவன்." அவர் சிரித்தார். "இன்னைக்குக் காப்பி நல்லாருந்துச்சு சார். அதுலதான் பயந்துட்டேன். மருந்து தீந்துபோச்சோன்னு ஒவ்வொரு வளைவுலயும் நெனச்சிட்டே போனேன். தீரலேல்ல? டாக்டரம்மா அவளுக்கும் எனக்குமா சேத்துத்தான குடுக்காக?"

பதினேழாம் எண்ணைப் பற்றி வாய்திறக்க எனக்கு அனுமதி இல்லை. திறக்கவில்லை.

"எனக்குன்னு தனியாத்தான?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். எந்த விதியையும் மீறாமல் ஒரு ரகசியத்தை உடைக்க முடியும் என்று அந்த நிமிடம் தெரிந்துகொண்டேன்.

ராசாங்கத்தின் கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. "அப்ப அவ எதப் போடுறா?"

"அதை நீங்க அவங்ககிட்டதான் கேக்கணும்."

அவர் திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"பையில அந்தப் பிரஷர் மிசினு வச்சிருப்பீகள்ல? எடுங்க."

"எடுத்தா எழுதணும்."

"எழுதுங்க."

முறைப்படி ஐந்து நிமிட இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்தேன். அந்த எண்ணை இங்கே தரமாட்டேன், அது அவருடையது. உடனே நிவேதாவைக் கூப்பிடும்படியான எண் என்பது போதும். படிவத்தில் பெயர், வயது எழுதினேன். 'தொழில்' என்ற இடத்தில் தயங்கினேன். விவசாயக் கூலி என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை.

"டிரைவர்னு எழுதுங்க சார். அதுக்கென்ன யோசன?"

எழுதினேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மறுநாளிலிருந்து சில வாரம் ராசாங்கத்தின் மைத்துனர் வண்டி ஓட்டினார். எதிர்பார்த்தபடியே ஓனர் ராசாங்கத்திடமிருந்து சாவியை வாங்கிவிட்டார். அழுத்தம் இறங்கியபின், 'தொடர்ந்து மருந்தில் இருக்கிறார், ஓட்டலாம்' என்று நிவேதா எழுதிக் கொடுத்த கடிதத்தோடு நானும் போனேன். ஓனர் அதை மூன்று முறை படித்தார். பகலில் ஊருக்குள் சாமான் ஏற்றும் வண்டியைக் கொடுத்திருக்கிறார். மலைக்கு இன்னும் கொடுக்கவில்லை. இதையெல்லாம் பெயரை மாற்றி இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று கணவன் மனைவி இருவரையும் கேட்டேன். ராசாங்கம், "வசிய மருந்து கதைய விட்டுறாதீக" என்றார்.

நிவேதாவின் தீசிஸ் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. கேள்வியைத் திருத்த, நெறிமுறைக் குழுவுக்கு மூன்று நகலில் விண்ணப்பித்தோம். 'உங்களுக்குக் கொடுத்த மாத்திரையை வீட்டில் வேறு யார் சாப்பிடுகிறார்கள்?' என்று சேர்த்தோம். 'யாராவது' என்று போடாமல் 'யார்' என்று போடச் சொன்னது நிவேதா. முதல் ஞாயிறே, எலி இழுத்துப்போன மாத்திரைகள் எங்கே போயின என்று தெரிய ஆரம்பித்தது.

அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். போனில் நிவேதா சொன்னதை ராசாங்கத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். செல்லத்தாய் வெளியே வந்தார். கணவரின் கையில் சுற்றியிருந்த பட்டையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"சொல்லிட்டீகளே சார்."

"அவரு ஒண்ணும் சொல்லல" என்றார் ராசாங்கம். "ஒன் மாத்திரை எங்க? எடுத்துட்டு வா."

"அது காலையிலதான..."

"காலையில போட்டியா நீ?"

நிவேதா இன்னும் லைனில் இருந்தார். கேட்டேன். "பழசுல ஒண்ணு மட்டும். இப்பவே போடச் சொல்லுங்க" என்றார்.

செல்லத்தாய் கவரைக் கொண்டுவந்தார். ராசாங்கம் இறங்கிப் போய்ச் செம்பில் தண்ணீர் மோந்து வந்தார். செல்லத்தாய் ஒரு மாத்திரையை எடுத்து, கணவரையும் என்னையும் முறைத்துவிட்டு, வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

"போட்டாச்சு. போதுமா?"

"வாயத் தொற."

"ஏன், நம்பிக்கை இல்லியாக்கும்?"

"இல்ல."

செல்லத்தாய் வாயைத் திறந்தார். ராசாங்கம் செல்போன் விளக்கை அடித்து, குனிந்து, நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்த்தார். இரண்டு கன்னத்தின் உள்பக்கமும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உள்ளதான் போயிருக்கு சார். எழுதிக்கங்க."